சுல்கேட்டா ஆமைக்குஞ்சு சீராக வளர: முதல் இரண்டு வருடங்களுக்கான வழிகாட்டி

சுல்கேட்டா ஆமை முட்டையை உடைத்து வெளியே வரும்போது நான்கைந்து செ.மீ. நீளம்தான் இருக்கும். எடை 25 முதல் 40 கிராம். அதே ஆமை நன்றாக வளர்ந்து முடிக்கும்போது 35 முதல் 50 கிலோவைத் தொடும். ஆண் ஆமைகள் அதற்கு மேலும் போகும். கலாபகஸ், அல்டாப்ரா ஆமைகளுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய நில ஆமை இதுதான். இத்தனை பெரிய உடம்பைத் தாங்கப்போகும் எலும்புக்கும் ஓட்டுக்கும் அடித்தளம் விழுவது முதல் இரண்டு வருடங்களில். அந்தக் காலத்தில் நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும் ஆமையின் ஓட்டிலேயே பதிந்துவிடும். பிறகு அழிக்க முடியாது.

புதிதாக வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் எடையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். சிலர் சீக்கிரம் பெரிதாகட்டும் என்று சத்தான தீனியாகத் தேடிப் போடுகிறார்கள். வேகமாக வளர்ந்தால் ஓடு கெட்டுவிடும் என்று எங்கோ கேள்விப்பட்டு, தீனியைக் குறைத்துப் பட்டினி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தவறு. ஈரம், சூடு, புல், வெயில் ஆகிய நான்கும் சரியாக இருந்தால் குஞ்சு எந்த வேகத்தில் வளர்கிறதோ அதுதான் அதற்கு ஆரோக்கியமான வேகம். அந்த நான்கில் எது முக்கியம் என்று கேட்டால், யோசிக்காமல் ஈரம் என்று சொல்வேன்.

வாங்குவதற்கு முன்

இந்தியாவில் இருப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்ப் புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. 2019 முதல் அது, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் இருக்கிறது, அதாவது காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கவே கூடாது. இலங்கையிலும் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். "ராசியான ஆமை" என்று யாராவது ஒரு நட்சத்திர ஆமைக்குஞ்சைக் காட்டினால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். நாம் வாங்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் பதிலாகக் காட்டிலிருந்து இன்னொன்றைப் பிடிப்பார்கள்.

சுல்கேட்டா ஆப்பிரிக்க ஆமை. சகாராவின் தெற்கு ஓரமான சாகேல் பகுதியில், செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை, அங்கங்கே வாழ்கிறது. சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் இந்தியாவில் இதை வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் அந்தப் பதிவுக் காகிதத்தைக் கேளுங்கள். இல்லை என்றால் அங்கே வாங்க வேண்டாம். சிங்கப்பூரில் நில ஆமை வளர்க்கவே அனுமதி கிடையாது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இடம். பத்து வருடம் கழித்து 30 கிலோ ஆமை நடமாட, குழி தோண்ட, புல் மேய மண்தரை வேண்டும். அடுக்குமாடி வீட்டின் பால்கனி போதாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் மனம் வருந்தினாலும் பரவாயில்லை என்று நேராகவே சொல்கிறேன்: சொந்தமாக மண்தரை இல்லாதவர்கள் சுல்கேட்டா வாங்கக் கூடாது.

குஞ்சைத் தேர்ந்தெடுக்கும்போது கண் திறந்து பளிச்சென்று இருக்கிறதா, மூக்கில் நீர்க்குமிழி இல்லையா, கையில் எடுத்தால் காலை உதைத்துத் திமிறுகிறதா என்று பாருங்கள். வயிற்றுப் பக்கம் தொப்புள் வடு மூடியிருக்க வேண்டும். இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "முட்டையிலிருந்து வந்த நாள் முதல் இதை எப்படி வைத்திருந்தீர்கள்?" ஈரமான தரையில், தினமும் தண்ணீரில் உட்கார வைத்து வளர்த்தேன் என்று பதில் வந்தால் நல்லது. காய்ந்த செய்தித்தாள் விரித்த டப்பாவில், தண்ணீர் காட்டாமல் சில வாரம் கிடந்த குஞ்சு வெளியே நன்றாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே சிறுநீரகம் கெட்டிருக்கலாம். அப்படிப்பட்ட குஞ்சு சரியாகச் சாப்பிடாமல், வளராமல், பிறகு நாம் என்ன செய்தாலும் தேறாமல் போய்விடும்.

ஒன்று மட்டும் வாங்குங்கள். இரண்டை ஒரே பெட்டியில் விட்டால் ஒன்று மற்றதை அடக்கும். சண்டை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. எப்போதும் பின்னாலேயே போவது, தீனியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வது, தூங்கும் மூலையைப் பிடித்துக்கொள்வது எல்லாமே அடக்குவதுதான். சில மாதங்களில் ஒன்று பெரிதாகவும் மற்றது நோஞ்சானாகவும் நிற்கும்.

ஈரம்

"பாலைவன ஆமைக்கு எதற்குத் தண்ணீர்" என்ற நம்பிக்கை எத்தனையோ குஞ்சுகளின் ஓட்டைக் கெடுத்திருக்கிறது. சாகேல் வறண்ட பூமிதான். ஆனால் அங்கே குஞ்சுகள் வெளியே வருவது மழைக்காலத்தை ஒட்டி. புல் முளைத்து, மண் நனைந்து, காற்றில் ஈரம் நிற்கும் காலம் அது. வறட்சி வந்ததும் சுல்கேட்டாக்கள் வளைக்குள் போய்விடுகின்றன. ஆழமான வளைக்குள் காற்று வெளியே இருப்பதைவிட ஈரமாக இருக்கும். ஆக, காட்டில் வளரும் குஞ்சு தன் நாளின் பெரும்பகுதியை ஈரத்தில்தான் கழிக்கிறது. நாமோ அதைக் காய்ந்த தொட்டியில் விட்டு, மேலே சூடான பல்பைத் தொங்கவிடுகிறோம்.

ஓட்டின் ஒவ்வொரு தட்டும் தனித்தனிக் கூம்பாக எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆமை வளர்ப்பவர்கள் இதைப் பிரமிடிங் என்பார்கள். நட்சத்திர ஆமைக்கும் சிறுத்தை ஆமைக்கும் இயல்பிலேயே கொஞ்சம் மேடு வரும். சுல்கேட்டாவின் ஓடு வழுவழுப்பாக இருக்க வேண்டியது. பல காலம் இந்த மேட்டுக்குப் புரதத்தைத்தான் குறை சொன்னார்கள். 2003இல் வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 சுல்கேட்டாக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் ஐந்து மாதம் வளர்த்துப் பார்த்தார்கள். காய்ந்த காற்றில் வளர்ந்தவற்றுக்குத்தான் மேடு அதிகம். புரதத்தின் பங்கு சொற்பம். இதனால் கண்ட புரதத்தையும் போடலாம் என்று அர்த்தமில்லை. மேடு வராமல் தடுக்க முதலில் பிடிக்க வேண்டியது ஈரப்பதத்தை என்றுதான் அர்த்தம்.

செய்ய வேண்டியவை இவை.

தினமும் காலையில் குஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வையுங்கள். உங்கள் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தால் சூடாகவும் தெரியக் கூடாது, குளிர்ச்சியாகவும் தெரியக் கூடாது. மேல் ஓடும் வயிற்று ஓடும் சேரும் இடம் வரை தண்ணீர் நின்றால் போதும். தலை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். 15 முதல் 20 நிமிடம். பக்கம் உயரமான, வெளியே தெரியாத பிளாஸ்டிக் டப் நல்லது, ஏனென்றால் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தால் வெளியே பார்த்துக்கொண்டே சுவரைப் பிராண்டிக்கொண்டிருக்கும். ஊறும்போது குடிக்கும், மலம் கழிக்கும், வெள்ளையாகக் கொஞ்சம் வெளியேற்றும். அது யூரேட், யூரிக் அமிலக் கழிவு. பற்பசை போலக் குழைவாக இருந்தால் உடம்பில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது. மணல் போல நறநறவென்று இருந்தால் போதவில்லை. அதைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப்பையில் கல்லாகிவிடும். முதல் வருடம் முழுவதும் இதைத் தினமும் செய்யுங்கள். இரண்டாம் வருடத்தில் வாரம் மூன்று நான்கு முறை போதும்.

ஊறவைக்க வைத்திருக்கும் டப்பை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். சமையலறைத் தொட்டியில் கழுவவும் வேண்டாம். ஆமைகளின் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தைக் குழந்தைகளுக்கு முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொடுங்கள்.

பெட்டிக்குள் எப்போதும் ஒரு தண்ணீர்த் தட்டு இருக்க வேண்டும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டு இதற்கு மிகப் பொருத்தம். விளிம்பு தாழ்வாக, சொரசொரப்பாக இருப்பதால் குஞ்சு ஏறி இறங்க முடியும். செங்குத்தான கிண்ணத்தில் கவிழ்ந்தால் சில அங்குலத் தண்ணீரிலேயே மூழ்கிவிடும். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது.

பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். ஈரப்பதத்தை அளக்கும் விலை குறைந்த டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி, குஞ்சின் உயரத்தில் வையுங்கள். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஜன்னல் திறந்த அறையில் இந்த அளவை எட்டுவது சுலபம். அதே சென்னையில் ஏசி ஓடும் அறை என்றால் காற்று காய்ந்துவிடும். கோயம்புத்தூர், மதுரைக் கோடைக்கும் பெட்டியை மூடித்தான் வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் சளி பிடிக்காதா என்று கேட்பார்கள். ஈரமும் குளிரும் சேர்ந்தால் பிடிக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் பிடிக்காது. ஆகவே ஈரத்தைக் கூட்டும்போது சூட்டை விட்டுவிடாதீர்கள்.

பெட்டி

ஒரு குஞ்சுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம் உள்ள பெட்டி முதல் வருடத்துக்குப் போதும். பிளைவுட்டில் அடித்து உள்ளே ஈரம் தாங்கும் பூச்சு பூசலாம், பழைய மீன் தொட்டியையும் பயன்படுத்தலாம். மேலே மூடி அவசியம். முழுக்கத் திறந்த தொட்டியில் ஈரமும் நிற்காது, சூடும் நிற்காது.

தரைக்குத் தேங்காய் நார்க்கழிவுதான் என் முதல் தேர்வு. நர்சரிகளில் கட்டியாகக் கிடைக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து மூன்று நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். சிலவற்றில் உப்பு இருக்கும், இரண்டு முறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். அடியில் ஈரமாகவும் மேல்பரப்பு அழுத்தித் தொட்டால் கை நனையாத அளவிலும் இருக்க வேண்டும். மேலே தெளிப்பதைவிட மூலைகளில் தண்ணீர் ஊற்றி அடியில் இறங்க விடுவது நல்லது. மேல்பரப்பு எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வயிற்று ஓட்டில் பூஞ்சை பிடிக்கும். மணல் வேண்டாம், தீனியோடு உள்ளே போய்க் குடலை அடைக்கும். மரத்தூள் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

ஒளிந்துகொள்ள ஓர் இடம் கட்டாயம். உடைந்த மண்பானையின் பாதியைக் கவிழ்த்து, உள்ளே தரையை மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் அதிக ஈரமாக வைத்தால் அதுதான் குஞ்சின் வளை. உடைந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இரவில் அங்கேதான் தூங்கும். இந்த ஈரமான பானைக்குள் கழியும் மணிநேரங்கள் ஓட்டுக்குச் செய்யும் நன்மையை வேறு எந்தச் சாதனமும் செய்யாது.

சூடும் வெளிச்சமும்

ஆமைக்குத் தன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது, செரிக்காவிட்டால் வளர்ச்சி இல்லை. பெட்டியின் ஒரு முனையில் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ், மறு முனையில் 27, 28 டிகிரி இருக்கட்டும். நடுவில் எங்கே வேண்டுமோ அங்கே அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும். இரவில் எந்த மூலையும் 26க்குக் கீழே இறங்கக் கூடாது. சமவெளியில் கோடைக்காலத்தில் இதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் வேண்டும், மலைப்பகுதியில் வருடம் முழுக்க வேண்டும். வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் பல்பை, சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் ஒரு தெர்மோஸ்டாட்டில் மாட்டி இரவுக்குப் பயன்படுத்துங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் மாட்டாதீர்கள். சுல்கேட்டாவுக்குக் குளிர் உறக்கம் கிடையாது. குளிர்காலத்தில் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் அது தூக்கம் அல்ல, உடல்நலக் கேடு.

பகலில் சூடு தரும் பல்பு மிக அருகில் இருந்தால் குஞ்சின் முதுகு மட்டும் வெந்து காயும். காற்றில் 80 சதவீதம் ஈரம் இருந்தும் ஓட்டில் மேடு வருவதற்கு இது ஒரு காரணம். ஒளிக்கற்றை குறுகிய ஸ்பாட் பல்புக்குப் பதிலாகப் பரவலாக விழும் பல்பைக் கொஞ்சம் உயரத்தில் மாட்டுங்கள். ஓட்டின் மீது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை தண்ணீர் தெளித்துவிடுங்கள். வெப்பத்தை மேலே காற்றில் அளக்காமல், ஆமை உட்காரும் இடத்தில், அதன் முதுகு உயரத்தில் அளந்து பாருங்கள்.

பிறகு யுவிபி. வெயிலில் இருக்கும் இந்தக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி3 தயாரிக்கும். டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்பில் சேரும். இது கிடைக்காத குஞ்சுக்கு எலும்பு மெலிந்து, ஓடு ரப்பர் போலத் தொய்ந்து, கால் வளைந்துவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாக யுவிபி வராது, ஆகவே ஜன்னலோரம் வைத்தால் பயனில்லை. வெளியே வெயில் காட்ட வழியில்லாதவர்கள் நீளமான டி5 யுவிபி டியூப் வாங்கிப் பெட்டியின் பாதி நீளத்துக்கு மாட்டுங்கள், பகலில் 12 மணிநேரம் எரியட்டும். நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். இந்த டியூப்கள் கண்ணுக்கு நன்றாக எரிந்துகொண்டே இருந்தாலும் யுவிபி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சாதாரண எல்ஈடி பல்பில் யுவிபியும் இல்லை, சூடும் இல்லை.

வெயில்

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். டியூப்பைவிட நேரடி வெயில் எவ்வளவோ மேல். காலை எட்டு, ஒன்பது மணி வெயிலில் அரை மணி முதல் ஒரு மணிநேரம், வாரத்தில் நான்கைந்து நாள் காட்டினால் யுவிபி டியூப்பே பெரும்பாலும் தேவைப்படாது. புல்தரையிலோ மண் நிரப்பிய அகலமான தொட்டியிலோ விடுங்கள். பாதி இடத்தில் நிழல் இருக்க வேண்டும். வெயிலுக்குப் போகும் முன் தண்ணீரில் ஊறவைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைக்காதீர்கள். சில நிமிடங்களில் உள்ளே அடுப்பாகிவிடும், குஞ்சு இறந்துவிடும். தார்சு மொட்டைமாடித் தரையிலும் நேராக விட வேண்டாம்.

மேலே கம்பிவலை மூடி இல்லாமல் ஒரு நொடி கூட விட்டுவிட்டு நகராதீர்கள். காகம் ஒன்று போதும். பூனை, கீரி, பெருச்சாளி எல்லாவற்றுக்கும் ஆமைக்குஞ்சு இரைதான். செவ்வெறும்பும் கண்ணையும் வாயோரத்தையும் கடித்துவிடும், குஞ்சை விடும் முன் தரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீனி

சுல்கேட்டா புல் மேயும் பிராணி. வளர்ந்த ஆமையின் தீனியில் பத்தில் எட்டு பங்கு புல்லாகவே இருக்க வேண்டும். குஞ்சின் வாய்க்கு முரட்டுப் புல்லும் வைக்கோலும் கடினம். ஆகவே இளம் புல்லைப் பொடியாக நறுக்கி இலைகளோடு கலந்து கொடுங்கள். மாதங்கள் போகப் போகப் புல்லின் பங்கைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஆரம்பத்தில் புல்லைப் பழக்காத ஆமை பெரிதானதும் புல்லை முகர்ந்துகூடப் பார்க்காது. நாற்பது கிலோ ஆமைக்குத் தினமும் கீரைக்கட்டு வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாது என்பதையும் யோசியுங்கள்.

நம் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. அருகம்புல் அருமையான தீனி. கினியாப் புல்லின் இளம் தளிர், முசுக்கொட்டை எனப்படும் மல்பெரி இலை, செம்பருத்தி இலையும் பூவும், முள்ளையும் மயிர் போன்ற பூமுள்ளையும் சுட்டுத் தேய்த்து நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவற்றைக் கலந்து கொடுத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மல்பெரி இலையிலும் சப்பாத்திக்கள்ளியிலும் கால்சியம் நிறைய. கள்ளி மடலில் தண்ணீரும் உண்டு. மாடியில் இரண்டு தொட்டியில் அருகம்புல்லும் ஒரு செம்பருத்தியும் ஒரு மல்பெரிக் கொம்பும் நட்டுவிட்டால் மருந்து தெளித்த இலை பற்றிய கவலையே இல்லை. நர்சரியிலிருந்து வாங்கிய செடியின் இலையை உடனே கொடுக்காதீர்கள். பழைய இலைகளைக் கிள்ளிவிட்டு, சில மாதம் கழித்து வரும் புதுத் தளிரிலிருந்து தொடங்குங்கள். சாலையோரப் புல்லும் வேண்டாம். பூஜைக்கு விற்கும் அருகம்புல்லை நன்றாக அலசிக் கொடுக்கலாம்.

சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை ஆகியவற்றைக் கலவையில் கொஞ்சமாக, வாரம் ஓரிரு முறை சேர்க்கலாம். அவற்றில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் அதையே தினத்தீனி ஆக்கிவிடக் கூடாது. பாலக் கீரையைத் தவிர்த்துவிடுங்கள். முருங்கைக்கீரையிலும் குதிரைமசாலிலும் கால்சியம் நிறைய, புரதமும் நிறைய. வாரம் ஒருமுறை ஒரு பிடி போதும். பூசணி, கேரட் எப்போதாவது. வெள்ளரிக்காயில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. பல வீடுகளில் ஆமை வெள்ளரியும் தக்காளியும் முட்டைகோஸும் மட்டுமே தின்று வளர்கிறது, அதனால்தான் பல வீட்டு ஆமைகளின் எலும்பு மெலிந்து கிடக்கிறது.

பழம் வேண்டாம். இந்த ஆமையின் குடலில் புல்லை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. பழத்தின் சர்க்கரை அவற்றின் சமநிலையைக் கெடுத்து வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். சோறு, ரொட்டி, பருப்பு, முளைகட்டிய பயறு, முட்டை, நாய்ப் பூனைத் தீனி எதுவும் கூடாது. கடைகளில் நீர் ஆமைக்கென்று விற்கும் குச்சித் தீனியும் கூடாது, அது மீன் தின்னும் ஆமைக்கான புரதம். புல்லை வைத்தே நில ஆமைகளுக்குத் தயாரித்த பெல்லட் கிடைத்தால் வாரம் ஓரிரு முறை ஊறவைத்துக் கொடுக்கலாம். அரளி, எருக்கு, ஊமத்தை ஆகியவை விஷம். ஆமை நடமாடும் இடத்தில் இவை இருக்கவே கூடாது.

எவ்வளவு கொடுப்பது? இலையும் புல்லும் மட்டும் என்றால் அளவு பார்க்க வேண்டாம். காலையில் ஓட்டின் அளவுக்கு ஒரு குவியல் வையுங்கள், நாள் முழுக்க மேயட்டும். மாலையில் ஒன்றும் மிச்சமில்லை என்றால் மறுநாள் கூட்டுங்கள். குஞ்சு எந்நேரமும் தின்னும் உயிர். வளர்ச்சியைக் கட்டுப்படுத்த வாரம் ஒரு நாள் பட்டினி போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

கால்சியத்துக்குப் பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் கார்பனேட் பொடி ஒரு சிட்டிகையை வாரம் இரண்டு மூன்று முறை தீனியில் தூவுங்கள். மொத்தத் தீனியில் பாஸ்பரஸைப் போலக் குறைந்தது இரண்டு மடங்கு கால்சியம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. புல்லும் மல்பெரியும் கள்ளியும் அதைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். கூடவே ஒரு துண்டு கணவாய் ஓட்டைப் பெட்டியில் போட்டுவைத்தால் தேவைப்படும்போது கடித்துக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். நன்றாக வெயில் காயும் ஆமைக்கு டி3 கலந்த பொடி தேவையில்லை.

எடையும் நீளமும்

ஒரு கிராம் வரை காட்டும் எடைத்தராசு ஒன்றும் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரே நாளில், ஊறவைக்கும் முன் எடை பாருங்கள். ஊறிய பிறகு பார்த்தால் குடித்த தண்ணீரும் சேர்ந்துவிடும். நீளத்தை மாதம் ஒருமுறை அளந்தால் போதும். ஓட்டின் வளைவின் மீது டேப் வைக்காமல், முன்னும் பின்னும் இரண்டு புத்தகங்களைச் செங்குத்தாக நிறுத்தி இடையே உள்ள நேர்த்தூரத்தை அளந்து கொள்ளுங்கள்.

ஒரு வயதில் இத்தனை கிராம் இருக்க வேண்டும் என்ற அட்டவணைகளை நம்பி மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரே தாயின் ஒரே ஈட்டு முட்டையில் வந்த இரண்டு குஞ்சுகள் ஒரே வீட்டில் வளர்ந்தும் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு இருப்பதுண்டு. எடையையும் நீளத்தையும் ஒப்பிட்டு ஆரோக்கியத்தைச் சொல்லும் ஜாக்சன் விகிதம் என்று ஒரு கணக்கும் சிலர் சொல்வார்கள். அது மத்தியதரைக் கடல் பகுதி ஆமைகளுக்குப் போட்ட கணக்கு, சுல்கேட்டாவின் உடலமைப்புக்குப் பொருந்தாது. உங்கள் நோட்டில் உள்ள கோடு மேலே போகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒரு வாரம் கூடாமல் இருக்கும், ஒரு வாரம் இரண்டு கிராம் குறையவும் செய்யும், அது இயல்பு. ஒரு மாதம் முழுக்க நகராமல் நின்றால் முதலில் வெப்பநிலையைச் சரிபாருங்கள், பிறகு யுவிபி, பிறகு மலப் பரிசோதனை. சட்டென்று பத்தில் ஒரு பங்கு எடை இறங்கினால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

எடையைவிட ஓடு அதிகம் பேசும். வளரும் குஞ்சின் தட்டுகளுக்கு இடையே வெளிர் நிறத்தில் புதிய கோடு தெரியும். அந்தக் கோடு பழைய தட்டோடு ஒரே மட்டத்தில் இருந்தால் நன்றாகப் போகிறது. பள்ளத்துக்குள் இறங்குவது போலத் தெரிந்தால் காற்று காய்ந்திருக்கிறது. மாதம் ஒரு படம், மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்துவையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. ஏற்கெனவே எழும்பிய மேடு மறையாது. ஆனால் ஈரத்தைச் சரிசெய்த நாளிலிருந்து வரும் புது வளர்ச்சி வழுவழுப்பாகவே வரும், ஆகவே தாமதமாகத் தெரிந்துகொண்டவர்களும் மனம் தளர வேண்டாம்.

பிறந்த சில மாதங்கள் வரை ஓடு அழுத்தினால் லேசாக அமுங்கும், பயப்பட வேண்டாம். வளர வளர இறுகிக்கொண்டே வர வேண்டும். இறுகியது மறுபடி மெத்தென்று ஆனால் அது நோய்.

மருத்துவரிடம் போகும்போது

மூக்கில் நீர்க்குமிழி, வாய் திறந்து மூச்சு விடுவது, கண் வீங்கி மூடியிருப்பது, நல்ல சூட்டிலும் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பது, வயிற்று ஓட்டில் சிவப்பு அல்லது நாற்றம். இவற்றில் எதுவானாலும் உடனே போங்கள். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் உங்கள் ஊரில் யார் என்பதை ஆமை நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மருந்தின் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஐவர்மெக்டின். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி, புழு நீக்க ஊரெங்கும் கொடுக்கும் மருந்து. ஆமைக்கு அது விஷம், உயிரைக் கொன்றுவிடும். புழு நீக்க வேண்டியிருந்தால் மலத்தைப் பரிசோதித்து, ஆமைக்குத் தகுந்த வேறு மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் மருத்துவர் தருவார். ஊசி போடும் முன் என்ன மருந்து என்று மரியாதையாகக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. உங்கள் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எடைக்கோடும் வெப்பநிலைக் குறிப்பும் மருத்துவருக்குப் பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.

வெளியே மாற்றும் காலம்

ஓடு ஓர் அடி நீளத்தை நெருங்கும்போது பெட்டி போதாமல் போகும், காகம் தூக்கிக்கொண்டு போகும் பயமும் குறையும். அப்போது பகலில் தோட்டத்திலும் இரவில் உள்ளேயுமாகப் பழக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே மாற்றுங்கள். சுற்றுச்சுவர் இரண்டடி உயரம் இருக்கட்டும், அடித்தளம் மண்ணுக்குள் ஓர் அடிக்குக் குறையாமல் இறங்கட்டும், ஏனென்றால் தோண்டுவதில் இவற்றுக்கு இணை கிடையாது. கம்பிவேலி சரிப்படாது. வெளியே தெரிந்தால் அதை முட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும். தெரியாத சுவரை ஏற்றுக்கொள்ளும்.

இரவுக்கு ஒரு கூண்டு கட்டுங்கள். அதன் தரையை நிலமட்டத்திலிருந்து ஒரு படியாவது உயர்த்தி, சாய்வுப் பாதை வையுங்கள். வடகிழக்குப் பருவமழை வரும் ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் ஆமை தோண்டிய வளைக்குள் ஒரே இரவில் தண்ணீர் நிறைந்துவிடும். மழை எச்சரிக்கை வந்த நாட்களில் ஆமை வளையில் இல்லை, கூண்டில்தான் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போங்கள்.